பள்ளி கட்டப் பூங்காவைக் கேட்டால்: வெஸ்ட்ஃபீல்ட் விளையாட்டுத்திடல் வழக்கும் அது விட்டுச்சென்ற கேள்வியும்

பள்ளிக்கூடம் கட்டப்போகிறோம், பக்கத்துப் பூங்காவில் கொஞ்சம் இடம் வேண்டும் என்று கேட்டால் எந்த நகராட்சி மன்றத்துக்கும் மறுக்க மனம் வராது. அமெரிக்க ஊர்களில் இந்தக் கோரிக்கை இரண்டு விதமாக வருகிறது. பூங்கா நிலத்தையே பள்ளிக்குக் கொடுத்துவிடுங்கள் என்பது ஒன்று. கட்டி முடிக்கும்வரை தொழிலாளர்களின் வண்டிகளையும் ஆசிரியர்களின் கார்களையும் அங்கே நிறுத்திக்கொள்கிறோம் என்பது இன்னொன்று. இரண்டாவது சின்ன விஷயமாகத் தெரியும். நிலம் கைமாறவில்லை, பத்திரம் எழுதவில்லை, வேலை முடிந்ததும் புல் போட்டுத் திருப்பித் தந்துவிடுவார்கள். ஆனால் இரண்டுக்கும் அடியில் கிடக்கும் கேள்வி ஒன்றே: அந்த நிலத்தை எடுத்துக் கொடுக்கிற அதிகாரம், கையெழுத்துப் போடுகிறவர்களிடம் உண்மையில் இருக்கிறதா?

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியில், நாற்பதாயிரம் சொச்சம் பேர் வாழும் வெஸ்ட்ஃபீல்ட் என்ற ஊரில் இந்தக் கேள்வி ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி, 2017 அக்டோபரில் மாநில உச்ச நீதிமன்றத்தில் பதில் பெற்றது. அங்கே கேட்கப்பட்டது வண்டி நிறுத்த இடம் அல்ல, முழுப் பள்ளிக்கான இடம். என்றாலும் தற்காலிகமாகக் கேட்கிறவர்களும் அந்தத் தீர்ப்பைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கும். அதனால்தான் இந்த வழக்கை விரிவாகப் பார்க்கிறேன்.

ஐந்தேகால் ஏக்கர்

வெஸ்ட்ஃபீல்டில் பள்ளிக்காகக் கேட்ட கிராஸ் தெரு விளையாட்டுத்திடல் பெரிய இடமில்லை. சுமார் 5.3 ஏக்கர். சிறுவர்கள் பேஸ்பால் ஆடும் மைதானங்களும் குழந்தைகள் விளையாடும் இடமும் அதில் உண்டு. இந்த நிலம் நகராட்சியின் கைக்கு வந்தது 1939-ல், சொத்துவரி கட்டாத நிலத்தைக் கையகப்படுத்தும் நடவடிக்கை மூலம். பூங்கா அமைக்க வேண்டும் என்று தேடி வாங்கிய நிலம் அல்ல என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், வழக்கின் முடிச்சே அங்கேதான் விழுகிறது. 1948-ல் அதை விளையாட்டுத்திடலாக ஆக்கலாம் என்று திட்டக்குழு பரிந்துரைத்தது. நிலம் அதற்கான ஆணையத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 1957-ல் நகராட்சி மன்றம் ஒரு விதியே இயற்றி, ஜான் ஏ. சல்லிவன் நினைவு விளையாட்டுத்திடல் என்று அதற்குப் பெயர் சூட்டியது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஊர்ப் பிள்ளைகள் அங்கே ஆடினார்கள்.

2011-ல் நகராட்சி மன்றம் அந்தத் திடலைப் பூங்காத் துறையிடமிருந்து பள்ளித் துறைக்கு மாற்றி வாக்களித்தது. புதிதாக ஒரு தொடக்கப்பள்ளி கட்ட வேண்டும் என்பது காரணம். காரணத்தில் பொய் எதுவும் இல்லை. பழைய பள்ளிகள் நெருக்கடியில் இருந்தன, புதுக் கட்டடத்துக்கு ஊர் நடுவே வெற்றிடம் அரிது. நகராட்சியின் கண்ணில் இது தன் சொத்தை ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு மாற்றிக்கொள்ளும் உள்வேலை. வீட்டுக்குள்ளேயே ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குக் கட்டிலை நகர்த்துவது போல.

ஊர்க்காரர்கள் சிலர் அப்படிப் பார்க்கவில்லை. 2012-ல் வழக்குத் தொடுத்தார்கள். வேலையை நிறுத்திவைக்கும் இடைக்காலத் தடையும் கிடைத்தது. பள்ளி வேண்டாம் என்பது அவர்கள் வாதமே இல்லை. இந்த நிலத்தின் பயன்பாட்டை மாற்றும் அதிகாரம் நகராட்சி மன்றத்துக்குக் கிடையாது, மாநிலச் சட்டமன்றத்துக்குத்தான் உண்டு என்பதே வாதம்.

97-ஆம் திருத்தம்

மாசசூசெட்ஸ் மாநில அரசியலமைப்பில் 97-ஆம் திருத்தம் என்று ஒன்று இருக்கிறது. 1972 நவம்பரில் வாக்காளர்களே ஏற்றுக்கொண்டது. தூய்மையான காற்றும் நீரும், மிகையான தேவையற்ற இரைச்சலிலிருந்து விடுதலையும், சுற்றுச்சூழலின் இயற்கை, காட்சி, வரலாற்று, அழகியல் பண்புகளும் மக்களின் உரிமை என்று அது சொல்கிறது. அந்த நோக்கங்களுக்காகப் பெற்ற நிலத்தை வேறு எதற்கும் பயன்படுத்தக்கூடாது, வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது. கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் மாநிலச் சட்டமன்றத்தின் இரண்டு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் ஆதரித்துச் சட்டம் இயற்ற வேண்டும். அந்த வாக்கும் பெயர் சொல்லி அழைத்து, ஆம், இல்லை என்று ஒவ்வொருவரும் பதிவு செய்யும் வாக்காக இருக்க வேண்டும். கூட்டத்தோடு கூட்டமாகக் கைதூக்கிவிட்டுப் போக முடியாது. எனக்கு இந்தத் திருத்தத்தில் மிகவும் பிடித்த பகுதி அதுதான். எந்த உறுப்பினர் எந்தப் பூங்காவை விட்டுக்கொடுத்தார் என்பது பெயரோடு ஏட்டில் நிற்கும்.

ஆக, வெஸ்ட்ஃபீல்ட் வழக்கில் கேள்வி சுருங்கி ஒரே புள்ளிக்கு வந்தது. வரி பாக்கிக்காக நகராட்சியிடம் வந்த நிலம், பத்திரத்தில் பூங்கா என்ற சொல்லே இல்லாத நிலம், 97-ஆம் திருத்தத்தின் காப்புக்குள் வருமா?

கீழ் நீதிமன்றம் வராது என்றது. 2013-ல் பாஸ்டன் துறைமுகத்தின் லாங் வார்ஃப் பகுதி பற்றிய ஒரு வழக்கில் மாநில உச்ச நீதிமன்றமே போகிற போக்கில் சொல்லியிருந்த சில வரிகள் நகராட்சிக்குக் கைகொடுத்தன. பத்திரத்தில் குறிப்பிட்டிருந்தாலோ பதிவுசெய்த கட்டுப்பாடு இருந்தாலோதான் காப்பு உண்டு என்று அந்த வரிகளைப் படிக்க முடிந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2016-ல் நகராட்சியின் பக்கமே நின்றது. வழக்குப் போட்டவர்கள் அதற்கும் மேலே போனார்கள்.

தலைமை நீதிபதி ரால்ஃப் கேன்ட்ஸ் எழுதிய தீர்ப்பு முந்தைய இரண்டையும் மாற்றியது. பதிவுசெய்த பத்திரம் மட்டுமே வழி அல்ல என்றார். தீர்ப்புகளின் வழியே வளர்ந்த பொதுச் சட்ட மரபில் ஒரு நிலம் இரண்டு நிபந்தனைகளால் நிரந்தரப் பூங்காவாக ஆகிவிடலாம். அதை என்றென்றைக்கும் பூங்காவாக அர்ப்பணிக்கும் தெளிவான, ஐயத்துக்கு இடமில்லாத எண்ணம் நிலத்தின் சொந்தக்காரரிடம், இங்கே நகராட்சியிடம், இருந்திருக்க வேண்டும். மக்களும் அதைப் பூங்காவாகவே பயன்படுத்தி ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் பத்திரம் என்ன சொன்னாலும் அது 97-ஆம் திருத்தத்தின் நிலம்.

எதிர்த்தரப்பின் அச்சத்தையும் நீதிமன்றம் ஒதுக்கிவிடவில்லை. வேறு காரியத்துக்காக வைத்திருக்கும் காலி மனையில் சில ஆண்டுகள் பிள்ளைகளை விளையாடவிட்டால் அது நிரந்தரப் பூங்காவாகிவிடுமா? ஆகாது. தற்காலிகமாகத் திறந்துவிட்டதும் நிரந்தரமாக அர்ப்பணித்ததும் வேறுவேறு. எண்ணம் என்ன என்பதைச் சூழ்நிலை முழுவதையும் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். அப்படியானால் வெஸ்ட்ஃபீல்ட் நகராட்சியின் எண்ணத்தைக் காட்டிக்கொடுத்தது எது?

1979-ல் வாங்கிய பணம்

1979-ல் வெஸ்ட்ஃபீல்ட் நகராட்சி தன் விளையாட்டுத்திடல்களைச் சீர்படுத்துவதற்கு நில, நீர்ப் பாதுகாப்பு நிதியிலிருந்து கூட்டாட்சி அரசின் மானியம் பெற்றது. அதில் கிராஸ் தெருத் திடலும் அடக்கம். இந்த நிதிக்கான சட்டத்தில் 1964-ல் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டார். கடலோர எண்ணெய், எரிவாயு உரிமங்களிலிருந்து வரும் வருமானம்தான் அதன் முதன்மையான ஊற்று. நாடெங்கும் ஊர்ப் பூங்காக்களில் ஊஞ்சல், மைதானம், வேலி, நடைபாதை என்று எத்தனையோ வேலைகள் அந்தப் பணத்தில் நடந்திருக்கின்றன.

பணத்தோடு ஒரு நிபந்தனையும் வரும். மானியம் பெற்ற இடத்தைத் திறந்தவெளிப் பொதுப் பொழுதுபோக்கு தவிர வேறு எதற்கும் மாற்றக்கூடாது. மாற்ற வேண்டுமானால் கூட்டாட்சியின் உள்துறைச் செயலர் ஒப்புதல் தர வேண்டும். அமெரிக்காவில் தேசியப் பூங்காக்களும் பொதுநிலங்களும் அந்தத் துறையின் பொறுப்பு. ஒப்புதல் கிடைத்தாலும் சும்மா விடமாட்டார்கள். எடுக்கிற நிலத்துக்குக் குறையாத சந்தை மதிப்பும், அதற்கு நிகரான பயனும் இருப்பிடமும் உள்ள மாற்று நிலத்தைப் பூங்காவாக்கித் தர வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டுக்குக் காலாவதி கிடையாது. வேலியைப் புதுப்பிக்க வாங்கிய பணமாக இருக்கலாம், வேலி துருப்பிடித்து விழுந்திருக்கலாம், நிபந்தனை நிற்கும்.

அந்தப் பணத்தை ஏற்றுக்கொண்டதன் மூலம், இந்தத் திடலை வேறு பயனுக்குத் தன் விருப்பப்படி மாற்றும் ஆற்றலை நகராட்சி அன்றே விட்டுக்கொடுத்துவிட்டது என்று உச்ச நீதிமன்றம் கண்டது. அறுபதாண்டுப் பயன்பாடும் 1957-ன் பெயர்சூட்டலும் சான்றுகள்தாம். ஆனால் தீர்மானித்தது 1979-ன் மானியம். மக்கள் ஏற்றுக்கொண்டார்களா என்பதில் யாருக்கும் ஐயமில்லை. எனவே சட்டமன்றத்தின் மூன்றில் இரண்டு பங்கு ஒப்புதல் இல்லாமல் அங்கே பள்ளி கட்ட முடியாது என்று முடிந்தது.

இதைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது ஒன்று. 2011-ல் வாக்களித்த மன்ற உறுப்பினர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்தவர்கள் அல்லர். ஆனால் 32 ஆண்டுக்கு முந்தைய கோப்பு ஒன்று திட்டத்தின் தலைவிதியை வைத்திருந்தது. பூங்கா நிலத்தின் மீது எந்த விண்ணப்பம் வந்தாலும் முதலில் செய்ய வேண்டியது வரைபடத்தை விரிப்பது அல்ல, கோப்பு அறையைத் திறப்பது. நிலம் எப்படி வந்தது, யார் பணம் செலவானது, எந்தத் தீர்மானம் எந்தச் சொற்களில் நிறைவேறியது? வெஸ்ட்ஃபீல்டில் பள்ளிக்காகச் செலவான ஆண்டுகளை இந்தத் தேடல் மிச்சப்படுத்தியிருக்கும். அந்த ஆண்டுகளில் நெருக்கடியான வகுப்பறைகளிலேயே உட்கார்ந்து படித்து முடித்த பிள்ளைகளும் இந்த வழக்கில் இழந்தவர்களே.

"கொஞ்ச நாளைக்கு மட்டும்"

இனி வண்டிகளுக்கு வருகிறேன்.

பள்ளிக் கட்டுமானம் பெரும்பாலும் பள்ளி இயங்கிக்கொண்டிருக்கும் அதே வளாகத்தில் நடக்கிறது. பழைய கட்டடத்தில் வகுப்பு, அதன் வண்டி நிறுத்தத்தில் அஸ்திவாரக் குழி. ஆசிரியர்கள் கார்களை எங்கே விடுவது, கொத்தனாரும் எலக்ட்ரீஷியனும் பிளம்பரும் எங்கே விடுவது, இரும்பும் குழாயும் எங்கே இறக்குவது? சுற்றுத் தெருக்களில் விட்டால் குடியிருப்பவர்கள் கொதிப்பார்கள், பிள்ளைகள் கார்களுக்கு நடுவே தெருவைக் கடக்க வேண்டியிருக்கும். இவை நிஜமான சிக்கல்கள். பக்கத்தில் பசுமையாக ஒரு திடல் இருக்கிறது, வார நாட்களில் காலியாகத்தான் கிடக்கிறது. விண்ணப்பம் தானாகவே எழுதப்பட்டுவிடுகிறது.

மானியம் பெற்ற பூங்காவில் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பொழுதுபோக்கு அல்லாத தற்காலிகப் பயன்பாட்டை முன் ஒப்புதலோடு அனுமதிக்கலாம். ஆனால் அது ஆறு மாதத்துக்குள், அதாவது 180 நாட்களுக்குள், முடிய வேண்டும். அதற்கு மேல் நீண்டால் அது நிலமாற்றமாகவே கொள்ளப்படும். அப்புறம் உள்துறைச் செயலரின் ஒப்புதல், மாற்று நிலம் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ஒரு தொடக்கப்பள்ளிக் கட்டடம் ஆறு மாதத்தில் எழும்புவதில்லை. ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு என்பதே வழக்கமான கால அளவு. ஆகவே கட்டுமானம் முழுவதற்கும் பூங்காவில் வண்டி நிறுத்துகிறோம் என்று கேட்பவர், பெயர் தற்காலிகமாக இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் நிலத்தையே கேட்கிறார்.

மானிய நிபந்தனையைச் சாராத வழக்கிலும் இதே கேள்வி எழுந்திருக்கிறது. நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், வான் கோர்ட்லண்ட் பூங்காவின் கோல்ஃப் மைதானத்துக்கு அடியில் குரோட்டன் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட நகர அரசு திட்டமிட்டது. குடிநீரைவிட நல்ல காரணம் எங்கே கிடைக்கும்? நிலையம் நிலத்துக்கு அடியில், கட்டி முடித்ததும் மேலே கோல்ஃப் மைதானம் மறுபடியும் அமைக்கப்படும், பூங்கா பூங்காவாகவே இருக்கும் என்றது நகரம். ஆனால் கட்டுமானத்துக்காக 28 ஏக்கர் ஐந்தாண்டுக்கும் மேல் மூடப்பட வேண்டியிருந்தது. 2001 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம், தலைமை நீதிபதி ஜூடித் கேயின் தீர்ப்பில், மாநிலச் சட்டமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் இது கூடாது என்றது. பின்னால் சரிசெய்து தருவோம் என்ற வாக்குறுதி, இடைப்பட்ட ஆண்டுகளில் மக்கள் பூங்காவை இழப்பதை இல்லாமல் ஆக்கிவிடாது என்பது அதன் சாரம். 1920-லேயே அதே நீதிமன்றம், எவ்வளவு தகுதியான நோக்கமாக இருந்தாலும் பூங்காப் பயனோடு தொடர்பில்லாவிட்டால் தெளிவான சட்ட அனுமதியின்றிப் பூங்காவுக்குள் நுழையக்கூடாது என்று சொல்லியிருந்தது.

அடுத்து நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. 2003-ல் சட்டமன்றம் ஒப்புதல் தந்தது. நிலையம் கட்டப்பட்டது, 2015-ல் இயங்கவும் தொடங்கியது. ஆனால் ஒப்புதலுக்கான பேரத்தில் பிராங்க்ஸ் பூங்காக்களைச் சீர்படுத்த 200 மில்லியன் டாலருக்கும் மேல் செலவிட நகரம் கடமைப்பட்டது. நீதிமன்றம் குடிநீர் நிலையத்தைத் தடுக்கவில்லை. சரியான வாசலில் போய்க் கேட்க வைத்தது. அந்த வாசலில் பிராங்க்ஸ் மக்களுக்கும் பேச இடம் இருந்தது, எடுத்ததற்கு ஈடாக ஏதோ கிடைத்தது.

புல்லுக்கு அடியில்

சட்டத்தை விட்டுவிட்டு மண்ணைப் பார்த்தாலும் "கொஞ்ச நாள்" என்பது அவ்வளவு கொஞ்சமாக இல்லை. விண்ணப்பங்களில் மிகக் குறைவாக எழுதப்படும் பகுதி இது, எனக்கு மிகவும் கவலை தருவதும் இதுவே.

நல்ல மண்ணில் பாதிக்குக் கிட்ட வெற்றிடம். அந்தத் துளைகளில்தான் காற்றும் நீரும் போய்வருகின்றன, வேர் நுழைகிறது. கார், லாரி ஏறும்போது அந்தத் துளைகள் நசுங்குகின்றன. சேதத்தின் பெரும்பகுதி முதல் சில தடவை சக்கரம் ஏறும்போதே நடந்துவிடுகிறது. ஈரமான களிமண்ணாக இருந்தால் இன்னும் மோசம். பனி உருகும் மாதங்களில் மாசசூசெட்ஸ் மண் எந்த நிலையில் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வேலை முடிந்ததும் மேலே புல்விரிப்புப் போட்டால் ஒரு பருவத்துக்குப் பச்சையாகத் தெரியும். அடியில் மண் செங்கல்லாக இருந்தால் மழைநீர் இறங்காது, அடுத்த கோடையில் புல் கருகும்.

மரங்களின் கதை இன்னும் மெதுவானது. மரத்தின் உறிஞ்சும் வேர்களில் பெரும்பாலானவை மேல்மட்டத்து அரை மீட்டர் மண்ணுக்குள்ளேயே பரவியிருக்கின்றன, கிளைகளின் நிழல் விழும் எல்லையையும் தாண்டி. மர வல்லுநர்கள் கையாளும் எளிய கணக்கு ஒன்று உண்டு. அடிமரத்தின் விட்டத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஓர் அடி ஆரம் என்று சுற்றிலும் காக்க வேண்டும். அரை மீட்டர் விட்டமுள்ள மரத்துக்கு ஆறு மீட்டர் ஆரம். அந்த வட்டத்துக்குள் நிழலைத் தேடித்தான் கார்கள் முதலில் போய் நிற்கும். வேர் மூச்சுமுட்டிச் செத்தாலும் மரம் உடனே விழாது. உச்சிக்கிளை பட்டுப்போவது சில ஆண்டு கழித்துத் தெரியும். அதற்குள் ஒப்பந்ததாரரின் உத்தரவாதக் காலம் முடிந்திருக்கும், பிணைத்தொகை திருப்பித் தரப்பட்டிருக்கும், மரம் வயதாகிப் பட்டுவிட்டது என்று கோப்பில் எழுதுவார்கள்.

வண்டி நிறுத்தும் பழக்கத்துக்கும் வேர் உண்டு. டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரில், ஓவர்ட்டன் பூங்காவின் கிரீன்ஸ்வார்ட் என்ற திறந்த புல்வெளியில், பக்கத்து விலங்குக்காட்சிச் சாலைக்கு வரும் கூட்டத்தின் கார்கள் 1980-களின் கடைசியில் நிற்கத் தொடங்கின. கூட்டம் மிகும் நாட்களுக்கு மட்டும் என்றுதான் ஆரம்பம். 2016 தொடக்கத்தில் காட்சிச் சாலை நிர்வாகம் அந்தப் புல்வெளியில் இருந்த இளமரங்களைப் பிடுங்கியது. அதே ஆண்டு மார்ச்சில் நகரமன்றம் புல்வெளியின் பெரும்பகுதி மீதான கட்டுப்பாட்டையே அந்த நிர்வாகத்துக்கு வாக்களித்துக் கொடுத்தது. கொடுக்கும்போது அதை ஒரு புது முடிவாக யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள், கால் நூற்றாண்டுப் பழக்கம் உரிமையாக எழுதப்பட்டது, அவ்வளவே. மக்கள் போராடினார்கள், ஜூலையில் ஒரு சமரசம் வந்தது, அதுவும் இழுத்தடித்தது. 2022-ல்தான் முடிவான உடன்பாடு எட்டப்பட்டு, கார்கள் புல்வெளியை விட்டுப் போக வழி பிறந்தது. 1971-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலைக்கு எதிரான புகழ்பெற்ற தீர்ப்பை வழங்கியதும் இதே ஓவர்ட்டன் பூங்கா வழக்கில்தான். நெடுஞ்சாலையைத் திருப்பியனுப்பிய பூங்காவுக்கு, ஞாயிற்றுக்கிழமைக் கார்களை வெளியே அனுப்ப முப்பதாண்டுக்கு மேல் ஆனது.

யாருடைய பிள்ளைகள்

பள்ளி பெரிதா, பூங்கா பெரிதா என்று கேட்பவர்கள் உண்டு. அது தவறான தராசு என்று நினைக்கிறேன். கிராஸ் தெருத் திடலில் ஆடியவர்களும் புதுப்பள்ளியில் படிக்கப்போகிறவர்களும் ஒரே தெருப் பிள்ளைகள். நெருக்கமான பழைய குடியிருப்புகளில் பூங்கா பக்கத்திலேயே இருக்கும் பள்ளிக்குத்தான் இந்த யோசனை வரும். அங்கேதான் வீட்டுக்குப் பின்னால் தோட்டம் இல்லாத குடும்பங்களும் இருக்கும். இரண்டு ஆண்டு என்பது எட்டு வயதுப் பிள்ளைக்குப் பால்யத்தின் பெரிய பங்கு. அந்தத் திடலில் வண்டிகளை ஏற்றினால், அவர்களுக்குக் கட்டும் பள்ளிக்கான விலையை அவர்களிடமே வசூலிக்கிறோம்.

மாசசூசெட்ஸுக்கு இந்த இழுபறி புதிதுமல்ல. 1912-லேயே பாஸ்டனில் பூங்கா நிலத்தில் பள்ளிக் கட்டடம் எழுப்பும் திட்டத்தை அதே உச்ச நீதிமன்றம் நிறுத்தியிருக்கிறது. ஒரு பொதுப்பயனுக்கு ஒதுக்கிய நிலத்தை இன்னொரு பொதுப்பயனுக்குத் திருப்பவும் வெளிப்படையான, தெளிவான சட்டம் வேண்டும் என்ற கோட்பாடு அப்படி வளர்ந்ததே. 1969-ல் ஒரு சதுப்புநிலம் பற்றிய வழக்கில் அதை இன்னும் இறுக்கினார்கள்: எந்த நிலத்தை எடுக்கிறோம், அதன் இப்போதைய பயன் என்ன என்று தெரிந்தே எடுக்கிறோம் என்பது சட்டத்தின் சொற்களிலேயே தெரிய வேண்டும்.

இந்த மாசசூசெட்ஸ் தீர்ப்புகள் நம் நாட்டுச் சட்டத்துக்கும் வந்து சேர்ந்திருக்கின்றன. பொதுவளங்களுக்கு அரசு சொந்தக்காரர் அல்ல, மக்களுக்காகக் காக்கும் காவலர் என்னும் பொதுநம்பிக்கைக் கோட்பாடு பற்றி 1970-ல் சட்டப் பேராசிரியர் ஜோசப் சாக்ஸ் எழுதிய ஆய்வு இவற்றை விரிவாக அலசியது. பியாஸ் ஆற்றங்கரை விடுதி பற்றிய 1996-ன் கமல்நாத் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் சாக்ஸின் வாதத்தை எடுத்துக்கொண்டு அந்தக் கோட்பாடு இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. 1999-ல் லக்னோவின் ஜண்டேவாலா பூங்காவுக்கு அடியில் கட்டப்பட்டுவந்த வணிக வளாகத்தை அகற்றிப் பூங்காவை மீட்கச் சொன்னபோதும் அதே கோட்பாடு பேசியது. அதற்கும் முன்னால், 1991-ல், பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய மனையை மருத்துவமனைக்குக் கொடுத்ததை உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. மருத்துவமனையும் நல்ல காரணம்தான். நல்ல காரணம் என்பதாலேயே ஒதுக்கீடு செல்லுபடியாகிவிடாது என்பதில் பெங்களூரும் வெஸ்ட்ஃபீல்டும் ஒன்றே.

எப்படிக் கேட்பது, எப்படிக் கொடுப்பது

வெஸ்ட்ஃபீல்ட் தீர்ப்புக்கு ஐந்தாண்டு கழித்து, 2022 நவம்பரில், மாசசூசெட்ஸ் ஆளுநர் சார்லி பேக்கர் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். 97-ஆம் திருத்தத்தின் நிலத்தை எடுக்கக் கேட்பவர், சட்டமன்றத்துக்குப் போகும் முன்பே பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டும். மாற்று வழிகளை ஆராய்ந்து அந்த ஆய்வை வெளியிட வேண்டும். எடுக்கும் நிலத்துக்கு இயற்கை வளத்திலும் பண மதிப்பிலும் குறையாத மாற்று நிலத்தைக் காட்ட வேண்டும். அதுவரை அரசின் கொள்கையாக மட்டும் இருந்தது சட்டமானது.

தற்காலிக வண்டி நிறுத்தத்துக்கும் இதே ஒழுங்கைத்தான் வேண்டுவேன், பூங்கா எந்த மாநிலத்தில் இருந்தாலும். மாற்று வழிகள் உண்மையில் இருக்கின்றன. வார நாட்களில் காலியாகக் கிடக்கும் தேவாலயத்தின், கடைத்தொகுதியின் வண்டி நிறுத்தத்தை வாடகைக்கு எடுத்து அங்கிருந்து தொழிலாளர்களை வேனில் கொண்டுவரலாம். கட்டடப் பணியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, பள்ளியின் சொந்த நிலத்திலேயே இடத்தைச் சுழற்றிக்கொள்ளலாம். இவற்றுக்குச் செலவு உண்டு. பூங்கா இலவசமாகக் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு இருக்கும்வரை அந்தச் செலவை யாரும் மதிப்பீட்டில் சேர்க்கப்போவதில்லை.

எல்லாவற்றையும் பார்த்த பிறகும் பூங்கா ஒன்றே வழி என்றால், நிலத்தின் கோப்பு திறக்கப்பட்டு அதிகாரம் யாரிடம் என்று எழுத்தில் உறுதியான பிறகு, உரிய மன்றம் பொதுவில் வாக்களிக்கட்டும். அனுமதியில் முடியும் தேதி இருக்க வேண்டும், "பணி நிறைவுவரை" என்ற சொல் கூடாது, பணி என்றைக்கும் சொன்ன நாளில் நிறைவதில்லை. மரங்களின் வேர்வட்டத்துக்கு வெளியே அசையாத வேலி, மண் மீது மரப்பலகை விரிப்பு, வேலைக்கு முன்னும் பின்னும் மண்ணின் இறுக்கத்தை அளந்த அறிக்கை, உழுது தளர்த்தி உரமிட்டு மண்ணை மீட்கும் பொறுப்பு எல்லாம் அதில் இருக்க வேண்டும். மரங்களுக்கான பிணைத்தொகை கட்டடத்தோடு முடியாமல் ஐந்தாண்டாவது கையில் நிற்க வேண்டும். வண்டிகள் நிற்கும் காலத்தில் பிள்ளைகளுக்கு விளையாட வேறு இடம் நடை தூரத்தில் வேண்டும்.

இவை எல்லாமே கட்டடத்தின் வரைபடம் மேசையில் இருக்கும்போதே முடிவாக வேண்டியவை. ஒப்பந்ததாரர் வந்து இறங்கி, பள்ளி திறக்க மூன்று வாரம் இருக்கும்போது வரும் விண்ணப்பத்தை எந்த மன்றத்தாலும் நிதானமாகப் படிக்க முடியாது. ஒப்பந்தப்புள்ளி கோரும் ஆவணத்திலேயே வண்டிகளுக்கும் பொருட்களுக்கும் இடம் தேடுவது ஒப்பந்ததாரரின் பொறுப்பு, பூங்கா கிடையாது என்று ஒரு வரி எழுதிவிட்டால், விலை கேட்பவர்கள் எல்லோரும் அந்தச் செலவைச் சேர்த்தே விலை சொல்வார்கள், நகராட்சியின் முன்னால் அந்த விண்ணப்பம் வரவே வராது.